ஸ்டெல்லா டீச்சரின் புதுமுடி

குழந்தைக்கு மொட்டை போட்டுச் சில வாரங்கள் ஆகின்றன. வெயிலுக்குக் குளிர்ச்சி என்று என் அம்மா இன்னும் அவள் தலையில் சந்தனம் தடவிக்கொண்டிருக்கிறாள். நேற்று சாயங்காலம் அதைக் கழுவித் துடைத்தபோதுதான் பார்த்தோம், தலை முழுக்கப் பொடிப்பொடியாக முடி முளைத்திருந்தது. "ஒரு போட்டோ எடுங்க, ஊருக்கு அனுப்பணும்" என்றாள் என் மனைவி. எடுத்தேன். கைபேசி ஒரு நொடி யோசித்துவிட்டுக் காட்டிய படத்தில் குழந்தையின் தலை பீங்கான் கிண்ணம் மாதிரி வழவழவென்று இருந்தது. மருந்துக்குக்கூட ஒரு முடி இல்லை.

"ஸ்டுடியோல வேலை பார்த்தேன்னு வெளியில சொல்லிடாதீங்க" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.  சந்தன வாசனை வேறு அந்த அறையில் நின்றுகொண்டிருந்தது.

அந்த ஸ்டுடியோவிலும் சந்தன வாசனைதான். தாம்பரம் மேற்கில், முடிச்சூர் சாலையில் மாடிமேல் இருந்தது. முதலாளி ராஜன் அண்ணன் வெள்ளிக்கிழமை தவறாமல் கேமரா, லைட், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். மானிட்டரில் காய்ந்த பொட்டைக் கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் இருக்கிற மரு என்று நினைத்து, மவுசை வைத்துக்கொண்டு அதை அழிக்கப் பாடுபட்டிருக்கிறேன். அவ்வளவு பெரிய எடிட்டர் நான். பெண் பார்க்கப் போன இடத்தில் என் அம்மா, "பையன் கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்று மட்டும் சொன்னாள். அவர்கள் சிறுசேரி பக்கம் ஏதோ பெரிய ஐ.டி. கம்பெனி என்று நினைத்துக்கொண்டார்கள். நாங்களும் திருத்தவில்லை.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இருட்டில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், பொடிமணல் தூவியது போல் புள்ளிகள் தெரியும். நாங்கள் அதை நாய்ஸ் என்போம். அதைத் துடைக்க ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. படத்தில் ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தை, வெறும் சுவரோ திரைச்சீலையோ, கட்டம் போட்டு அதற்குக் காட்ட வேண்டும். இதில் தெரிகிற பொடியெல்லாம் அழுக்கு, எங்கே கண்டாலும் துடைத்துவிடு என்று அர்த்தம். அப்படிச் சொல்லிக்கொடுத்ததைச் சேமித்து வைத்தால் அதற்குப் பெயர் ப்ரொஃபைல். பிறகு ஒரு கல்யாணத்தின் மொத்தப் படங்களையும் ஒரே ஓட்டாக ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் தனி ப்ரொஃபைல் போட வேண்டும் என்பது முறை. முறைப்படி எல்லாம் நடந்தால் உங்களிடம் சொல்ல எனக்கு என்ன கதை இருக்கப்போகிறது?

ஸ்டெல்லா டீச்சர் முடிச்சூரில் இருந்தார். கணக்கு டீச்சர். புற்றுநோய்க்கு வைத்தியம் நடந்து, முடியெல்லாம் கொட்டி, அந்த வைத்தியமும் முடிந்து மகள் ஜெனிக்குக் கல்யாணம் வைத்தார். அதுவரை விக் இல்லாமல் அவரை வெளியில் யாரும் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். சர்ச் வாசலில் என்னைக் கூப்பிட்டுத் தலையைக் குனிந்து காட்டினார்.

"தம்பி, முடி வந்துடுச்சு பாரு. தெரியுற மாதிரி எடு. எங்க கல்யாண ஆல்பம்தான் வெள்ளத்துல போயிடுச்சு. இதாவது ஒழுங்கா இருக்கணும்."

உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற முடி. வெள்ளைப் பட்டில் நின்ற ஜெனி கையை நீட்டி அம்மாவின் தலையைத் தடவி, "சொரசொரன்னு இருக்குமா" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த நேரத்தில் எடுத்த படத்தைக் கேமராவின் சின்னத் திரையில் பார்த்து நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

முகூர்த்த சீசன். வேலை குவிந்து கிடந்தது. ராஜன் அண்ணன் பின்னால் வந்து நின்று, "இன்னாடா, இன்னும் இது ஓடிக்கினே கீதா? பேஜாரா போச்சு" என்பார். சர்ச்சின் உள்ளே பீடத்துப் பக்கம் நல்ல இருட்டு. அதற்கென்று பலமாக ஒரு ப்ரொஃபைல் போட்டேன். வாசலுக்கு வேறு, மண்டபத்துக்கு வேறு என்று போட அலுத்துக்கொண்டு அதையே எல்லாப் படத்துக்கும் ஓட்டினேன். ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை என்பதால், பழைய படத்தின் மேலேயே சேமி என்று டிக் அடித்தேன். கேமரா கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாகிவிட்டது. நான் நிம்மதியாகப் போய் டீ குடித்தேன்.

ஆல்பத்துக்குப் படம் பொறுக்க அம்மாவும் மகளும் வந்தார்கள். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். அடுத்த படம், அதற்கடுத்தது.

"எல்லாம் நல்லாதான் இருக்கு. முடி எங்க தம்பி?"

பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். எல்லாப் படத்திலும் ஒரே வழவழப்பு. பொடிமுடியையும் பொடி என்று எண்ணி சாஃப்ட்வேர் துடைத்திருந்தது. "ஃபிளாஷ் அடிச்சா அப்டிதான் டீச்சர்" என்றார் ராஜன் அண்ணன். எனக்கு அந்தப் பொய் தாங்கவில்லை. "இல்ல டீச்சர், நான்தான் அழிச்சிட்டேன்" என்றேன்.

நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அவர் தன் தலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "விடுப்பா. இது வளர்ற சாமான்தானே. சீவுற அளவுக்கு வளரட்டும், வீட்டுக்கு வந்து ஒன்னு எடுத்துக் குடு" என்றார். கண்டிப்பாக வருகிறேன் என்றேன்.

அப்புறம் காய்கறி மார்க்கெட்டில் இரண்டொரு முறை பார்த்தேன். சின்னதாகச் சுருள் விழுந்திருந்தது, அழகாக இருந்தது. "இப்ப எடுக்கலாமா தம்பி?" என்று கேட்டார். சீசன் முடியட்டும் டீச்சர் என்றேன். பையில் கேமரா இருந்தது. கையில் கைபேசி இருந்தது. இப்போது நினைத்தால் அந்தப் பையோடு என்னைத் தூக்கி எறிய வேண்டும் போல் இருக்கிறது. நோய் திரும்பி வந்து, மறுபடி வைத்தியம் ஆரம்பித்து, முடி மறுபடி கொட்டிவிட்டது என்று ராஜன் அண்ணன்தான் சொன்னார். அதற்குப் பிறகு வைத்தியமும் கேட்கவில்லை.

நினைவு ஆராதனைக்குப் படம் கேட்டு ஜெனி ஸ்டுடியோவுக்கு வந்தாள். முடியோடு ஒன்றுகூட இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். சர்ச் வாசலில் எடுத்த படம் வந்தபோது நிறுத்தச் சொன்னாள். வெகுநேரம் பார்த்தாள். "கைல சொரசொரன்னு இருந்துச்சுண்ணா" என்றாள். "இதுல என் கை மட்டும்தான் இருக்கு."

ஸ்டுடியோ இருந்த மாடியில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். ராஜன் அண்ணன் மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். டீச்சர் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. அந்த ப்ரொஃபைல் மட்டும் என் பழைய பென் டிரைவ் ஒன்றில் பத்திரமாக இருக்கிறது. எந்தப் படத்தின் மேல் ஓட்டினாலும் இன்றைக்கும் நன்றாகவே துடைக்கும்.

நேற்று பரணிலிருந்து பழைய கேமராவை இறக்கினேன். கைபேசி மாதிரித் தானாகத் துடைக்க அதற்குத் தெரியாது. "இருட்டிடுச்சு, நாளைக்கு எடுங்களேன்" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. படம் முழுக்கப் பொடிமணலாகப் புள்ளிகள். அதற்குள் குழந்தையின் முடியும் இருந்தது.