துரை விட்டுப்போன லாஞ்சு

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை தூத்துக்குடியைக் காலி செய்துகொண்டு போனார். பழைய கம்பெனி ஒன்றின் மானேஜர். அவருடைய பங்களாச் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, என் ஆஸ்பத்திரிக்கு ஒரு நல்ல மேசை கிடைக்குமா என்று பார்க்கப் போனேன். நான் பல் டாக்டர். மேசையை எனக்கு முன்னால் வந்தவர் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் துரையின் மோட்டார் படகை, அந்த லாஞ்சை, வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஏன் என்று அன்று முதல் பலரும் கேட்டுவிட்டார்கள். பங்களாவின் பின்புறம், கடலோரமாக ஓர் ஓலைக்கொட்டகையில் கட்டைகளின் மேல் அது உட்கார்ந்திருந்தது. முழுக்கத் தேக்கு. உள்ளே இரண்டு பேர் படுக்க ஓர் அறை, அந்த அறையில் கோழிகள். முன்னால் பித்தளைச் சக்கரம் ஒன்று பச்சைக் களிம்பேறி நின்றது. ஏறிப்போய்ச் சும்மா அதைத் திருப்பினேன். கிரீச்சென்று நகர்ந்தது. எட்டிப் பார்த்தேன், பின்னால் சுக்கானும் நகர்ந்திருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

எனக்கு நீந்தத் தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது. இருவருக்கும் ஊர் ஆத்தூர்ப் பக்கம். கோடையில் ஆற்றைக் கடக்கக் கட்டிய துணியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டினால் போதும் என்று வளர்ந்தவர்கள். வீட்டில் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, “அதுல எவ்வளவு தூரம் போகலாம்?” என்றாள். கொழும்பு வரைக்கும் போகலாம் என்றேன். “மொதல்ல தண்ணி வரைக்கும் போகட்டும்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு தண்டல் இருந்தார். பாய்மரத் தோணியில் கொழும்புக்கு வெங்காயமும் ஓடும் ஏற்றிப்போய் ஆயுள் முழுக்கத் தோணியை நடத்தியவர். கடற்கரை வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். அவருடைய பல்செட் நான் செய்து கொடுத்தது. முக்கியமான விஷயம் பேசவேண்டி வந்தால் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். தொழில் முறையில் எனக்கு அதில் வருத்தம் உண்டு.

லாஞ்சைப் பார்க்க அவரைக் கூட்டிப்போனேன். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். அறையின் மூலையில் ஒரு சின்னக் கதவைத் திறந்ததும் நின்றுவிட்டார். உள்ளே வெள்ளைப் பீங்கான் கக்கூஸ். பக்கத்தில் ஒரு திருகு, ஒரு பித்தளைக் கைப்பிடி. திருகைத் திறந்துவிட்டுக் கைப்பிடியை ஆட்டினால் கடல் தண்ணீர் உள்ளே வந்து எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோகும். தண்டல் பல்செட்டைக் கழற்றினார்.

“எதுக்கு டாக்டரே இது? சுத்தி முழுக்கக் கடல்லா கெடக்கு.”

அடுத்த வாரத்திலேயே ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. தேக்கைப் பார்க்க யாரும் வரவில்லை. கக்கூஸைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள்.

தண்டல் ஓர் ஓடாவியைக் கொண்டுவந்தார். தோணி கட்டுகிற தச்சரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவர் பலகை பலகையாகச் சுத்தியலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். கடைசியில், இதில் பாதி பலகை, பாதி பெயிண்ட் என்றார். பெயிண்டைச் சுரண்டினால் பலகையும் கூடவே வந்தது. ஒவ்வொரு இடமாக விரலை வைத்து, இதையும் எடுக்கணும், இதையும் எடுக்கணும் என்று அவர் சொல்லச் சொல்ல, என் நாற்காலியில் உட்காருகிறவர்களின் முகம் எனக்கு வந்துவிட்டது. வலிக்காது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

ஒரு மழைக்காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. பலகை இடுக்குகளில் இறுகிக்கிடந்த பழைய பஞ்சைக் கிளறி எடுக்கவேண்டும். அதற்குப் பல்லில் காறை எடுக்கும் என் கருவியைப் போல வாகானது உலகத்தில் வேறில்லை. ஓடாவி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார், பிடித்துப்போயிற்று, அதற்குப் பிறகு அது எனக்குத் திரும்பிவரவில்லை. கிளறிய இடத்தில் புதுப் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினார். குழி தோண்டி அடைக்கிற வேலை. நானும் ஒரு பக்கம் உட்கார்ந்து அடைத்தேன். என் பக்கம் அழகாக இருந்தது என்று இப்போதும் சொல்வேன்.

கடலில் இறக்குகிற அன்று தண்டல் மாதா கோயில் சாமியாரைக் கூட்டிவந்து மந்திரிக்கவைத்தார். என் மனைவி தேங்காய் உடைத்து, முன்பக்கத்தில் சந்தனம் வைத்தாள். எஞ்சினை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் அது தண்ணீர் குடிக்கட்டும் என்று ஓடாவி சொல்லியிருந்தார். புது மண்பானை, புதுச் சுவரெல்லாம் தண்ணீர் குடிக்கும் என்பார்களே, அந்த மாதிரி ஒரு பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்கள் தள்ளினார்கள். லாஞ்சு கம்பீரமாக இறங்கி மிதந்தது. கூட்டம் கைதட்டியது. கைதட்டல் அடங்குவதற்குள் மெல்லக் கீழே போகத் தொடங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் தரையில் போய் உட்கார்ந்துகொண்டது. அறையின் மேல்பாதி மட்டும் வெளியே தெரிந்தது. தண்டலும் ஓடாவியும் பீடி பற்றவைத்தார்கள்.

“வருசக்கணக்கா தண்ணி படாமக் காஞ்ச பலகை. ஊறி உப்புனாத்தான் எடுக்கு மூடும்” என்றார் ஓடாவி. “குடிக்கும்னு சொன்னம்லா.”

அந்த வாரம் என்னிடம் பல் காட்ட வந்தவர்கள் யாரும், லாஞ்சு முங்கிவிட்டதாமே என்று விசாரிக்காமல் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் துக்கம் கேட்கிற குரலிலேயே கேட்டார். பிறகு தண்ணீரை இறைத்தபோது, ஓடாவி சொன்னபடியே இடுக்குகள் மூடியிருந்தன. ஒரே ஓர் இடத்தில்தான் கசிந்தது. அது நான் அடைத்த பக்கம். பீங்கானுக்குள் ஒரு நண்டு குடியேறியிருந்தது.

துரையின் எஞ்சின் துருப்பிடித்து ஒரே கட்டியாகியிருந்தது. புதிதாக வாங்க வழியில்லை. என் மாமனார் தோட்டக் கிணற்றுக்கு அப்போதுதான் கரண்டு வந்து, டீசல் பம்ப்செட் எஞ்சின் சும்மா கிடந்தது. அதை லாரியில், வெற்றிலைக் கட்டுகளுக்கு நடுவே ஏற்றி அனுப்பிவைத்தார். அது வந்து இறங்கியதும் என் மனைவி கிட்டே போய்த் தடவிப் பார்த்தாள். சின்ன வயதில் தோட்டத்தில் அதைக் கிளப்பியது அவள்தானாம். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் எனக்கு அது தெரியாது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பிடியைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். தடதடவென்று கிளம்பிவிட்டது.

ஒரு மெக்கானிக் அதை லாஞ்சின் பழைய கியர்பெட்டியோடு இணைத்தார். முன்னால் போகும் கியர் விழுந்தது. பின்னால் வரும் கியர் கடைசி வரை விழவேயில்லை. அதைப் பற்றிக் கேட்டதற்கு, லாஞ்சு என்றால் முன்னால் போவதற்குத்தானே என்றார் அவர்.

முதல் பயணம் முயல் தீவுக்கு. நானும் மனைவியும் தண்டலும், ஒரு தூக்குச்சட்டியில் புளிச்சோறும். தோட்டத்துத் தண்ணீரை இறைத்துப் பழகிய எஞ்சின், தேக்குக் கப்பலை உலுக்கி எடுத்தது. தட்டும் டம்ளரும் தானாக நடந்தன. தண்டல் பல்செட்டைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். முக்கியமாக ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். பற்கள் தந்தியடிக்காமல் இருக்கத்தான் கழற்றினாராம்.

பாதி வழியில் கஸ்டம்ஸ் லாஞ்சு வந்து மறித்தது. கைக்கடிகாரமும் நைலான் துணியும் கடல் வழியாக வந்துகொண்டிருந்த காலம் அது. அதிகாரி எங்கள் லாஞ்சுக்குத் தாவி ஏறினார். எங்கே போகிறோம் என்று கேட்டார். முயல் தீவுக்கு என்றேன். அங்கே யாரைப் பார்க்க என்றார். யாருமில்லை என்றேன். மீன் பிடிக்கவா? இல்லை. சங்கு எடுக்கவா? இல்லை.

“அப்ப எதுக்குப் போறீங்க?”

“சும்மா.”

அந்தச் சொல்தான் எங்களை மாட்டிவிட்டது. லாஞ்சு வைத்துக்கொண்டு சும்மா போகிற ஆளை அவர் தம் சர்வீஸில் பார்த்ததில்லை. மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். புளிச்சோற்றைக் கரண்டியால் கிளறிப் பார்த்தார். என் கைப்பெட்டியில் இருந்த பல் பிடுங்கும் குறடுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தச் சின்னக் கதவைத் திறந்தார்.

உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, இது வேலை செய்யுமா என்று கேட்டார். விடியற்காலையிலிருந்து கடலில் இருக்கிறாராம். அவருடைய லாஞ்சில் அந்த வசதி கிடையாது. தாராளமாக என்றேன். முதலில் திருகைத் திறக்கவேண்டும் என்று நான் சொல்ல ஆரம்பித்தபோது கதவு சாத்தப்பட்டுவிட்டது. பிறகு கைப்பிடி ஆட்டும் சத்தம் கேட்டது. இன்னும் வேகமாக ஆட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் திருகைக் கண்டுபிடித்து, முழுவதுமாகத் திறந்திருக்கவேண்டும். ‘ஐயோ’ என்று மட்டும் காதில் விழுந்தது.

முழங்கால் வரை நனைந்து வெளியே வந்தார். என் மனைவி ஒரு துண்டை நீட்டிவிட்டு, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுடைய தோள்கள் குலுங்குவதை நான் பார்த்தேன். எஞ்சினால்தான் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று வேண்டிக்கொண்டேன். துடைத்து முடித்துத் துண்டை மடித்துக் கொடுத்தார்.

“சரி, போங்க” என்றார்.

தீவில் கரை சேர்வது எனக்குப் பிடிபடவில்லை. பின்கியர் இல்லாத லாஞ்சை, முன்கூட்டியே எஞ்சினை நிறுத்தி மிதக்கவிட்டுத்தான் ஒதுக்கவேண்டும். நான் நிறுத்தியது தாமதம். மணலில் பாதி உடம்பு ஏறி நின்றுவிட்டது. சாயங்காலம் கடல் ஏறும்வரை புளிச்சோறு தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். தெற்கேயிருந்து தென்னல் காற்று தண்ணீரைத் தள்ளித் தூக்கிவிட்டுவிடும், கவலைப்படாதீர்கள் என்று தண்டல் நாலைந்து தடவை சொன்னார். காற்று வரவேயில்லை. ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் உட்கார்ந்திருந்த சாயங்காலங்கள் குறைவு.

பல வருஷம் அதை வைத்திருந்தோம். வருஷம் ஒரு தடவை கரையேற்றிச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கவேண்டும். ஓர் ஓரம் அடித்து முடித்தால் மறு ஓரம் உரிந்திருக்கும். சக்கரம் என்னிடம் இருந்தது, எஞ்சின் அவளிடம் இருந்தது. இப்படித்தான் குடும்பம் நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கு அவசரமாக ஒரு கடைவாய்ப் பல் வந்துவிட்டது. என் மனைவி பக்கத்து வீட்டுப் பெண்களுக்குத் தீவைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். இன்னொரு நாள் போகலாம் என்று நான் சொன்னதற்கு, அவர்கள் சோறு கட்டிவிட்டார்கள் என்றாள். பல்லைப் பிடுங்கிவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், லாஞ்சு தூரத்தில் புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தது. படகுத்துறையில் தண்டல் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். அவரையும் ஏற்றவில்லையாம். இருவரும் மத்தியானம் முழுக்கக் காத்திருந்தோம்.

திரும்பி வரும்போது சிரிப்புச் சத்தம்தான் முதலில் வந்தது. நான் எப்போதும் நிறுத்துகிற இடத்துக்கு வெகுமுன்பே அவள் எஞ்சினை நிறுத்தினாள். லாஞ்சு தானாக மிதந்து, பூனை காலில் உரசுவது போலத் துறையில் வந்து ஒட்டியது. தண்டல் எழுந்து நின்றுவிட்டார். சக்கரத்தைப் பிடித்தபடி அவள் என்னைப் பார்த்து, “கயித்தப் பிடிங்க” என்றாள். வீசினாள். நான் கைகளை நீட்டினேன். கயிறு என் தோளில் பட்டுத் தண்ணீரில் விழுந்தது.