மிளகாய்க்குப் பின்னால் திரித்த கோப்பி

போன கிழமை திருகோணமலை நகரத்தில் ஒரு பெரிய கடைக்குக் கோப்பித்தூள் வாங்கப் போனேன். சின்னப் பைக்கற்று ஒன்றை எடுத்து விலையைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். அட கடவுளே! கோளாறு என் கண்ணில் இல்லை. பக்கத்தில் நின்ற மனைவி, "வையுங்கோ அதை. இனிச் சுடுதண்ணி குடிச்சாலே காணும்" என்று கூடையோடு அப்பால் போய்விட்டாள். நான் பைக்கற்றை மூக்குக்கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. இவ்வளவு காசு கேட்கிறவன் கொஞ்சம் வாசத்தையாவது வெளியே விடக்கூடாதா?

கோப்பி வாங்குவதில் நான் பெரிய விண்ணன் என்றொரு நினைப்பு எனக்கு. புதுத்தூள் வாங்கினால் ஒரு சிட்டிகையைப் பச்சைத்தண்ணீரில் தூவிப் பார்ப்பேன். நல்ல தூள் கொஞ்ச நேரம் மிதக்கும். கலப்படம் என்றால் உடனே நிறம் விட்டுக்கொண்டு அடியில் போய்விடும். ஒரு கிழமைக்குக் காணுகிற அளவுக்கு மேல் வாங்க மாட்டேன். கையில் காசு குறைந்த நாளில் கொட்டையாக வாங்கித் திரிப்பேன். அது மலிவு, கள்ளம் செய்யவும் ஏலாது. ஏதோ நானே கண்டுபிடித்த வித்தை போல உங்களுக்குச் சொல்லிக்கொண்டு போகிறேன், பாருங்கள். எல்லாம் துரை அண்ணையிடம் களவெடுத்தது.

துரை அண்ணை துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எனக்கு முதல் வேலை கிடைத்தபோது அவருடைய வீட்டின் பின்னறையில்தான் வாடகைக்கு இருந்தேன். சந்தையில் கொட்டை வாங்கும்போது ஒன்றைக் கடித்துப் பார்ப்பார். "நொறுங்கோணும் தம்பி. வளைஞ்சுதெண்டா ஈரம். ஈரத்துக்கு ஆரும் காசு குடுப்பினமே?" என்பார். மில்லில் தனக்கு முன்னால் ஆராவது மிளகாய் திரித்துவிட்டால் அன்றைக்குக் கோப்பி திரிக்கவே மாட்டார். கொட்டையைத் திருப்பிக் கொண்டுவருவார். அவர் மனைவி பூமணி அக்கா வாசலிலேயே பிடித்துக்கொள்வா: "பின்னேரக் கோப்பிக்கு என்ன செய்யிறது? உங்கட வியாக்கியானத்தைக் காய்ச்சிக் குடிக்கிறதோ?" அந்த வீட்டில் பிள்ளைகள் இல்லை. இந்தச் சண்டைதான் கலகலப்பு.

ஒரு நாள் காலையில் சைக்கிளில் வேலைக்குப் போன மனுசனை மத்தியானம் வான் வண்டியில் பிரேதமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். நெஞ்சுவலி என்றார்கள். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. நான் அலுவலகத்திலிருந்து ஓடி வந்தபோது அவருடைய செருப்பை ஆரோ ஒழுங்காகப் படியில் வைத்திருந்தார்கள்.

பூமணி அக்கா அழவில்லை. சுவரைப் பார்த்தபடி இருந்தா. அன்று முழுக்க ஒரு சொல் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மறுநாள் விடிந்தும் அப்படியே. பக்கத்து வீட்டு ராசம்மா மாமி என்னைத் தனியாக இழுத்து, "இவள் இப்பிடியே இருந்தா இவளையும் சேர்த்துத்தான் தூக்கோணும். கோப்பியெண்டா ஒரு வாய் குடிப்பாள். ஓடிப்போய்க் கோப்பிக்கு வழி பார்" என்றா. பிரேதம் எடுக்கும்வரை செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்தான் எல்லாம் காய்ச்சிக் கொடுப்பது. அவ்வளவு சனத்துக்கும் பைக்கற்றுத்தூள் வாங்க என் சம்பளம் எந்த மூலைக்கு? வறுத்த கொட்டை வாங்கினேன். அளவு கூடட்டும் என்று மல்லியும் சேர்த்துக்கொண்டு மில்லுக்கு ஓடினேன்.

மில்லில் சல்லிக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண் மிளகாய்த்தூளைக் கட்டிக்கொண்டு நின்றா. மில் வைத்திருந்தவர் கிண்ணியா ஊர் முஸ்லிம் பெரியவர், எங்களுக்கெல்லாம் நானா. அவர் என்னை மறித்தார். "தம்பி, இப்பதான் மிளகாய் போனது. ஒரு பிடி அரிசி வாங்கிட்டு வாங்க. அதைப் போட்டு மெசினைத் துடைச்சிட்டுத் திரிப்பம்."

"நேரமில்லை நானா, செத்தவீடு. போடுங்கோ."

நேரம் இருந்தது. அரிசிக்கடை எதிரேதான் இருந்தது. தூளாக்கி எறிவதற்கு அரிசி வாங்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மாமியின் குசினியில் காய்ச்சி, முதல் கோப்பையை மாமியே பூமணி அக்காவின் வாயருகில் பிடித்தா. அக்கா ஒரு மிடறு குடித்தா. கண் இரண்டும் விரிந்தன. புரைக்கேறி இருமினா. வீடே திடுக்கிட்டுத் திரும்பியது. ஐயோ, கொன்றுபோட்டேன் என்று நினைத்தேன்.

"ஆர் இது திரிச்சது?" ஒரு நாளைக்குப் பிறகு வந்த முதல் சொல்.

"நான்தான் அக்கா."

"மிளகாய்க்குப் பின்னால திரிச்சனீயோ? எட விசரா! அவர் எத்தினை தரம் சொன்னவர் உனக்கு? பொறு, வரட்டும் மனுசன், வந்து…"

அதோடு நின்றுவிட்டா. நடுவீட்டில் கிடந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தா. பிறகு எழுந்த சத்தத்தை நான் அதுவரை ஒரு மனித வாயிலிருந்து கேட்டதில்லை. ராசம்மா மாமி அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அழட்டும், விடு, அழட்டும்" என்றா. நான் கேத்திலோடு அப்படியே நின்றேன். வெட்கமா, பயமா, நிம்மதியா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

மில் இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை. நானா இல்லை, மாமி இல்லை. போன வருசம் பூமணி அக்காவும் போய்விட்டா. சேதி கேட்டதும் ஓடினேன். முற்றத்தில் வாடகைப் பந்தல், வாடகைக் கதிரைகள். ஹோட்டலிலிருந்து வந்த ஒருவர் கடதாசிக் கோப்பையில் எல்லாருக்கும் கோப்பி கொடுத்துக்கொண்டு போனார். அயல் வீடுகளில் ஒரு குசினியிலும் புகை இல்லை. சேர்ட் கையை மடித்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். ஒருவரும் என்னிடம் ஒரு வேலையும் சொல்லவில்லை.