பேத்தியின் பெயருக்கு நேரே

என் சிறுவயதைப் பற்றி எழுதச் சொன்னால் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் அவற்றில் பிழை விட்டவனும் நான்தான், அடி வாங்கியவனும் நான்தான்; ஆகவே உறுத்தல் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. உறுத்துவது என் பேத்தியின் சிறுவயதில் நடந்த ஒன்று. அப்போது அவளுக்குப் பதினொரு வயது, எனக்கு எழுபத்திரண்டு. பிழை விட்டவன் நான். தண்டனை அவளுக்கு.

எங்கள் வீடு கிளிநொச்சியில், இரணைமடு வாய்க்கால் தண்ணீர் பாயும் குடியேற்றக் காணியொன்றில் இருக்கிறது. அந்நாளில் வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், மருமகள், பேத்தி. மகன், பேத்திக்கு நாலு வயதாக இருக்கும்போது வெளிநாடு போனவன். ஏழு வருடமாக அவள் தகப்பனைத் திரையில்தான் பார்த்து வந்தாள்.

இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் ஒரு பழக்கம் பழகின. பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, காணி உத்தரவுப் பத்திரம், படங்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுவார்கள். ஓடும்போது அவர் பிள்ளையைத் தூக்கத் தேவையில்லை, அரிசியைத் தூக்கத் தேவையில்லை. பையை மட்டும் விடக்கூடாது. எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் அது மாறவில்லை. பையில் இருந்த அவ்வளவையும் பிற்பாடு கடையில் கொடுத்து ஸ்கான் செய்வித்து, என் மேசைக் கணினியில் ‘குடும்பம்’ என்று ஒரு கோப்புறை திறந்து அதற்குள் போட்டு வைத்தேன். அடுத்த மாரியில் வெள்ளம் வீட்டுக்குள் ஏறி மகனின் கல்யாண அல்பத்தைப் பசையாக்கிவிட்டது. படங்கள் என் கணினியில் மட்டும் மிஞ்சின. மருமகள் அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

அந்தக் கணினி கிழண்டது. பென் டிரைவோ அச்சுப்பொறியோ செருகும் ஓட்டைகளுக்குள் எறும்பு குடியிருந்து அவை செத்துப்போயின. மின்னஞ்சல் பக்கத்தைத் திறந்தால் வெள்ளையாக நிற்கும். அச்சுப்பொறியோ விறாந்தையில், தகப்பன் பேத்திக்கு அனுப்பிய மடிக்கணினியோடு இருந்தது. ஆகவே என் அறையில் இருக்கும் கோப்புறையை விறாந்தையில் இருந்தபடியே திறக்க ஒரு வழி வேண்டியிருந்தது. பேத்தி மூன்று நாள் காணொளிகளைப் பார்த்துவிட்டு, என் கணினியில் தன் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, இரண்டையும் வீட்டு இணையத்தில் பிணைத்துவிட்டாள். தாயின் கல்யாணப் படம் விறாந்தையில் விரிந்தபோது அவள் கத்திய கத்தலில் அயல்வீட்டு நாய் குரைத்தது. அன்றிலிருந்து தகப்பன் அவளை இஞ்சினியர் என்றே கூப்பிட்டான்.

எனக்கு அந்த வித்தை புதிதல்ல. நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், பிரதம இலிகிதராக இருந்தவன். கடைசி ஆறு வருடமும், எந்தக் கோப்பை யார் திறக்கலாம், யார் திறக்கக்கூடாது என்று கணினியில் ஒழுங்கு செய்ததே நான்தான். பேத்திக்கு அது தெரியாது. தானாகக் கண்டுபிடித்த மகிழ்ச்சியைக் கெடுப்பானேன் என்று நான் சொல்லவில்லை. அதுவரையில் என் நடத்தையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு மகனுக்கு அங்கே வதிவிட உரிமை கிடைத்தது. மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட விண்ணப்பம் போட வேண்டும். வவுனியாவில் அந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கும் ஒருவர், இவர்கள் உண்மையிலேயே ஒரு குடும்பம்தான் என்று காட்டக் கல்யாணத்திலிருந்து மகன் புறப்பட்ட நாள்வரை அறுபது படமளவில் கொண்டுவரச் சொன்னார். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு முன் கொடுத்தால் இந்த முறை போகும், தவறினால் அடுத்த முறைக்குப் பத்து மாதம் என்றார்.

படிவத்தின் விபரங்களை எழுதியது நான். பயணம் செய்வோர் என்ற இடத்தில் இரண்டு பெயர். மூன்றாவதாக நான் அதில் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். விதிகளை வாசிக்கத் தெரியாதவனல்ல. ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை, இரண்டு பெயரையும் எழுதி முடித்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வரம்பில் நடந்தேன். திரும்பி வந்தேன். பேத்தி பள்ளிக்கூடத்தில், மருமகள் சந்தையில். கணினி முன் குந்தி, ‘குடும்பம்’ கோப்புறையின் அனுமதிப் பட்டியலைத் திறந்து, பேத்தியின் பெயருக்கு நேரே, அனுமதியை ‘மறு’ என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டேன். அறுவடை முடியட்டும், அதுவரை இவர்கள் இங்கே நிற்கட்டும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை பின்னேரம் அச்சடிக்கத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் பேத்தி என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“அப்பப்பா, உங்கட கொம்பியூட்டரின்ர பேர் தெரியுது. போல்டரும் தெரியுது. ஆனா திறக்கப் போனா, உனக்கு அனுமதி இல்லை எண்டு சொல்லுது.”

வயர் கழன்றிருக்குமோ என்று கேட்டேன். வயரில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். பெயர் தெரிகிறதென்றால் பாதை சரி. கடைசிக் கதவில்தான் பூட்டு. ஆனால் அவள் கட்டிலுக்குக் கீழே தவழ்ந்து வயரைப் பிடுங்கிச் செருகினாள். ரவுட்டரை நிறுத்திப் போட்டாள். கடவுச்சொல்லை மாற்றினாள். தன் கணக்கில் என் கணினிக்குள் போய், எல்லாருக்கும் பகிர் என்று கொடுக்கப் பார்த்தாள். அது என் கடவுச்சொல்லைக் கேட்டது. நானே போய் அடித்துக் கொடுத்தேன், ஏனென்றால் அது வெளிக்கதவு. உட்கதவு கோப்புறையின் சொந்தப் பட்டியலில் இருந்தது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் விறாந்தைக்கு ஓடிப்போய்ப் பார்ப்பாள். ஓடிப்போகும் காலடி பெரிதாகக் கேட்கும். திரும்பி வரும் காலடி கேட்காது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்றாள். நான் ஓரிடத்தில் இருக்கவில்லை. கிணற்றடிக்குப் போவேன், வாளியைத் தொடாமல் வருவேன். பத்திரிகையை விரிப்பேன், மடிப்பேன். அவள் என் பக்கம் திரும்பும் போதெல்லாம் ஏதாவது ஒரு யோசனை சொன்னேன். வைரஸ் தடுப்பியை நிறுத்திப் பார், கணினியின் பெயரை மாற்றிப் பார். ஒன்றுக்கும் உதவாது என்று தெரிந்தே சொன்ன யோசனைகள். அவள் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி, செய்து, வெட்டினாள்.

“நீங்க கச்சேரியில உப்பிடி ஒண்டும் காணேல்லையோ அப்பப்பா?”

அங்கே எல்லாம் வேறு மாதிரி என்றேன்.

மருமகள் என் திரையைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வவுனியாவுக்கு அனுப்பிப் பார்த்தாள். அந்த மனிதர் உடனே அழைத்து, மாப்பிள்ளையின் முகத்தில் ரியூப் லைற் எரியுது தங்கச்சி, இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று கேட்டாராம். அவள் சிரிக்கவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

“மாமா, உந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டியைக் கழட்டித் தாங்கோ. விடிய முதல் பஸ்ஸில மடியில வைச்சுக்கொண்டு போறன். அங்க கடையில எடுத்துத் தருவினம்.”

அதுதான் சரியான வழி. அதைச் செய்திருந்தால் பத்து நிமிட வேலை. நான் சொன்னேன்: “வேண்டாம் பிள்ளை. பஸ் குலுக்கிற குலுக்கில உள்ளுக்கிருக்கிற தட்டு கீறுப்பட்டா இருக்கிறதும் போயிடும். பை காவினவன் சொல்லுறன்.”

அந்தக் கடைசி வார்த்தைக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு இல்லை. ஷெல் விழும்போதும் பையை விடாத மனிதன் ஒன்றைச் சொன்னால் அதில் என்ன சந்தேகம்? மருமகள் தலையாட்டிவிட்டுக் குசினிக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது, போனது. பேத்தி அதற்குப் பிறகும் திரைக்கு முன்னால் இருந்தாள். தாய் வந்து பின்னால் நின்றாள். போன ஞாயிற்றுக்கிழமை நீ அப்பப்பாவின் கணினியில் என்ன செய்தாய் என்று கேட்டாள். பாஸ்வேட்டை மாற்றினேன், ஒரு போல்டருக்குப் பெயர் மாற்றினேன் என்று பேத்தி உண்மையைச் சொன்னாள்.

“உன்ர குரங்குச் சேட்டையாலதான் எல்லாம். ஏழு வருசம் அந்த மனுசன் தனிய இருந்து சமைச்சுச் சாப்பிட்டுக்கொண்டு... இன்னும் பத்து மாசமாம். நீ போய்ச் சொல்லு உன்ர அப்பாவுக்கு.”

மடிக்கணினியை எடுத்துப்போய் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். பேத்தி அழவில்லை. கொப்பியைத் திறந்து, தான் வெட்டிய வரிகளை மேலிருந்து கீழே திரும்ப வாசித்தாள்.

பின்னேரம் மகன் அழைப்பு எடுத்தான். எனக்குத் தொலைபேசியைத் தரச்சொன்னான். பிள்ளையை ஏச வேண்டாம் என்று தாய்க்குச் சொல்லுங்கோ அப்பா, அவள் சின்னப்பிள்ளை, வேணுமென்று செய்யவில்லைத்தானே என்றான். ஓம் தம்பி என்றேன். போய் மருமகளிடம் பொறுமையாகக் கதைத்தேன். சின்னப்பிள்ளை, வேணுமென்று செய்யவில்லைத்தானே என்று அதே வார்த்தைகளைச் சொன்னேன். மாமா இல்லாவிட்டால் நான் அன்றைக்குப் பிள்ளைக்கு அடித்திருப்பேன் என்று அவள் பிறகு அயலில் சொல்லித் திரிந்தாள். அந்தப் புகழையும் நான் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை தாய் கோவிலுக்குப் போனபின் பேத்தி வந்து, ஒரே ஒரு தடவை உங்களுடைய பெயரில் உள்ளே போய்ப் பார்க்கவோ என்று கேட்டாள். முதல் நாள்களில் அவள் அதைக் கேட்டபோதெல்லாம் நாளைக்கு என்று கடத்தியவன் நான். அன்று கடத்தவில்லை. முழு அதிகாரத்தோடு என் கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டு வெளியே போனேன். பட்டியலை அவள் காணட்டும், கண்டு என்னைக் கேட்கட்டும், கேட்டால் சொல்லிவிடுகிறேன் என்று தீர்மானித்திருந்தேன். சொல்ல வேண்டிய வசனத்தைக்கூட ஆயத்தம் செய்துவிட்டேன். மாமரத்தடியில் நின்று கை விரல்களை நெட்டி முறித்துக்கொண்டிருந்தேன். முறிக்க விரல் மிச்சமில்லாமல் உள்ளே போனேன்.

அவள் கதிரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். திரையில் பட்டியல் திறந்திருந்தது. அவளுடைய பெயர், அதற்கு நேரே என் குறி.

நான் வாயைத் திறக்குமுன் அவள் சொன்னாள்:

“அப்பப்பா, நான்தான் செய்திருக்கிறன். என்ர பேருக்குப் பக்கத்தில ‘மறு’ எண்டு கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை பேர் மாத்தேக்க கை பட்டிருக்கும். அம்மா சொன்னது சரிதான்.”

பிறகு என்னைப் பார்த்தாள். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அப்பப்பா. உங்கட கொம்பியூட்டரைப் பழுதாக்கிப்போட்டு உங்களையும் ரெண்டு நாள் அலைய விட்டனான்.”

ஆயத்தம் செய்த வசனம் அப்படியே இருந்தது. அதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் யாருக்கும் கிடைக்காது.

“பரவாயில்லை,” என்றேன். “இனிக் கவனமா இரு.”

அவள் குறியை எடுத்தாள். தாயின் அலுமாரி பூட்டியிருந்ததால் போய்ப் பார்க்க மடிக்கணினி இல்லை. திங்கட்கிழமை தாய் அதை எடுத்துக் கொடுத்தபோது கோப்புறை உடனே திறந்தது. அறுபது படமும் அச்சாகின. பத்து மாதம் அவை ஒரு உறைக்குள் இருந்தன.

அந்தப் பத்து மாதமும் எனக்குக் கிடைத்தது, நான் விரும்பியபடியே. அறுவடை முடிந்தது, அடுத்த விதைப்பும் முடிந்தது. பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து என்னோடு இருந்து சாப்பிட்டாள். ஆனால் மடிக்கணினியை அவள் தொடவில்லை. பாடத்துக்கு வேண்டியதைத் தாய் திறந்து கொடுக்க வேண்டும். தகப்பன் இஞ்சினியர் என்று கூப்பிட்டால் தலையைக் குனிவாள். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு அவனும் விட்டுவிட்டான். அயல்வீட்டுக்காரி தன் கைத்தொலைபேசியில் எழுத்துச் சின்னதாகிப்போய்விட்டது, கொஞ்சம் பார் பிள்ளை என்று வந்து நின்றபோது, எனக்குத் தெரியாது அன்ரி என்று உள்ளே போய்விட்டாள். அவளுக்குத் தெரியும். நானும் அயல்வீட்டுக்காரியும் முற்றத்தில் நின்றோம். நான்தான் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

இப்போது அவர்கள் போய் மூன்று வருடமாகிறது. ஞாயிறுகளில் அழைப்பு எடுப்பார்கள். திரை உறைந்து நின்றால் பேத்தியின் குரல் கேட்கும்: “அம்மா, நீங்க வந்து அமத்துங்கோ. நான் தொட்டா பழுதாப் போயிடும்.” பதினைந்து வயதுப் பிள்ளை. அங்கே பள்ளிக்கூடத்தில் கணினி ஒரு பாடமாம். அவள் வேறு எதையோ எடுத்திருக்கிறாளாம்.

அன்று அந்தக் கதிரையில் இருந்தபோது அவளுக்கு எவ்வளவோ தெரிந்திருந்தது. வெளிக்கதவு வேறு, உட்கதவு வேறு என்று யாரும் சொல்லிக் கொடுக்காமல் கண்டுபிடித்தவள். ஆனால் ‘மறு’ என்ற கட்டத்தில் அவள் ஒரு நாளும் குறி போட்டதில்லை. ஆகவே ஒன்று தெரியாது. அந்தக் குறி கை பட்டு விழாது. போட்டுவிட்டுச் சரி என்று அழுத்தினால், கணினி ஒரு மஞ்சள் முக்கோணத்தைக் காட்டி, இந்த ஆளுக்கு வேறு எந்த அனுமதி இருந்தாலும் இது அதைச் செல்லாததாக்கிவிடும், தொடரத்தான் வேண்டுமா என்று கேட்கும்.

குறி போட்ட அந்தத் திங்கட்கிழமை என்னிடமும் கேட்டது. நான் அதை முழுதாக வாசித்துவிட்டு, ஓம் என்று அழுத்தினேன்.