எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஜெபம்

குளியலறையில் போதகர் பாடிக்கொண்டிருக்கிறார். பாட்டு நடுவில் நின்றால், அடுப்படியில் இருக்கும் அவர் மனைவி கையில் கரண்டியோடு ஓடிவந்து கதவைத் தட்டுவார்.

"என்னங்க?"

"இருக்கேன்மா. சோப்பு வாய்க்குள்ள போயிடுச்சு."

"பாடிக்கிட்டே குளிங்கன்னுதான சொன்னேன். சோப்பைத் தின்னுக்கிட்டே பாடச் சொன்னேனா?"

மறுபடி பாட்டு தொடங்கும். இதயத்தில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, குளியலறைக் கதவைத் தாழிடக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். தாழிடாத கதவை மனைவி நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து எட்டிப் பார்க்கத் தொடங்கினார். "ஆதாமுக்கே வெக்கம் வந்துச்சு. எனக்கு வராதா?" என்று போதகர் முறையிட்டார். பேச்சுவார்த்தை நடந்து, பாட்டு கேட்கிறவரை கதவு திறக்கப்படாது என்று முடிவாயிற்று. நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் எனக்கு இப்போது பல கீர்த்தனைகள் பாதி மனப்பாடம். பாதிதான். சோப்புக்குப் பிறகு அவர் எப்போதும் முதல் அடியிலிருந்து தொடங்குவார்.

ஆள் குள்ளம். ஆஸ்பத்திரியில் இளைத்துவிட்டதால், தன் பழைய சட்டைகளுக்குள்ளேயே வாடகைக்குக் குடிவந்தவர் போலத் தெரிவார். மாடிப்படி ஏறும்போது திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, கைப்பிடியைத் தட்டிக்கொடுத்து, "நன்றி" என்பார். மேலே இருப்பவரிடம் சொல்கிறார் என்பது தெரியாமல் எதிரே இறங்கி வருகிறவர்கள், "பரவால்லீங்க" என்று வழிவிடுவார்கள். "உங்களுக்கும்தான்" என்று அவர்களையும் நன்றியில் சேர்த்துக்கொள்வார். தும்மல் வந்து வலிக்காவிட்டால் நன்றி. இடது பக்கம் திரும்பிப் படுக்க முடிந்தால் நன்றி. ஒருநாள் குனிந்து செருப்பு வாரைத் தானே மாட்டிவிட்டு, பெரிய நன்றியாகச் சொன்னார். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார்.

நோய்க்கு முன்னால் அவருக்குச் சபையின் இளைஞர்கள் வைத்திருந்த பெயர் 'பாசஞ்சர்'. நோயாளியின் கட்டிலருகே நின்று ஜெபிக்கத் தொடங்கினால் வண்டி எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். நாடுகள், அவற்றை ஆள்கிறவர்கள், கடலில் போகிறவர்கள், சிறையில் இருப்பவர்கள், தேர்வு எழுதுகிறவர்கள் என்று அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு கடைசியில்தான் நோயாளியிடம் வந்து சேரும். அதற்குள் காய்ச்சல் தானாக இறங்கிவிடும் என்பது இளைஞர்களின் கட்சி. பெரியவர்களுக்கோ அதில் பெருமை. "எங்க ஐயா பண்றதுதான் முழு ஜெபம்" என்று மற்ற சபைக்காரர்களிடம் சொல்லிக்கொள்வார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் எக்ஸ்பிரஸ் ஆகிவிட்டார். இப்போது நிற்பதில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறார். தலையணை சரிந்திருக்கிறதா, ஜன்னல் வெயில் கண்ணில் படுகிறதா என்று பார்க்கிறார். பிறகு, "ஆண்டவரே, இவங்களுக்கு முதுகு வலிக்குது. பாத்துக்குங்க. ஆமென்." அவ்வளவுதான். கண்ணை மூடிய குடும்பத்தார் மூடியபடியே மீதிக்காகக் காத்திருப்பார்கள். இவர் அதற்குள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

ஏன் இப்படி என்று கேட்டேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான் என்பதால், எதற்கும் காரணம் கேட்பது என் வேலை என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு.

"நான் படுத்திருந்தப்ப நாலஞ்சு போதகருங்க சேர்ந்து வந்தாங்க தம்பி. ஆளுக்கு ஒரு ஜெபம். எல்லாரும் என் வண்டிதான், பாசஞ்சர். அவங்க உலக சமாதானத்துக்கு ஜெபிக்கறாங்க, எனக்கு, இருதயத்துல வச்சுத் தைக்க நரம்பு எடுத்த கால் கட்டுக்குள்ள அரிக்குது. ஊரே பத்தி எரியட்டும், இந்தக் காலை யாராவது சொறிஞ்சு விட்டாப் போதும்னு இருக்கு. பக்கத்துக் கட்டில்ல ஒரு லாரி டிரைவர். சாமி கும்பிடற பழக்கமே இல்லாதவர். எங்க ஆளுங்க மூச்சு விட நிறுத்தற இடத்துலெல்லாம் 'ஆமென், ஆமென்'னு சத்தமா சொல்றார். முடிச்சு வைக்கப் பாக்கறார், பாவம். அவங்க அதைக் கேட்டு இன்னும் உற்சாகமாயிட்டாங்க."

"அப்புறம்?"

"அவங்க போனதும் டிரைவர் எட்டி, தன் சீப்பால என் காலைச் சொறிஞ்சு விட்டார். நான் அழுதுட்டேன். அதுவரைக்கும் எனக்கு அழுகையே வரல."

நன்றி ஆண்டவருக்கா, டாக்டருக்கா, டிரைவருக்கா என்று விடாமல் கேட்டேன். "ஒருத்தங்க நமக்குச் சாப்பாடு குடுத்து அனுப்பறாங்க. தூக்கிட்டு வந்தவருக்கு நன்றி சொல்ல மாட்டோமா? அனுப்பினவங்களுக்குத் தனியா சொல்லிக்கறோம்" என்றார். நல்ல பதிலாகத்தான் இருந்தது. என் வீட்டுக் கதவைத் திறப்பதற்குள், அனுப்பியவர் ஒருவர் உண்டு என்பது எப்படித் தெரியும் என்ற கேள்வி வந்துவிட்டது. அதைக் கேட்கத் திரும்பிப் போனால் அவர் மருந்து குடித்துவிட்டுத் தூங்கியிருந்தார்.

அவர் குணமானதற்காகச் சபையில் ஒரு ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். அற்புதச் சாட்சி ஒன்றை எதிர்பார்த்து ஆலயம் நிரம்பியிருந்தது. போதகர் மேடையேறி, "பெரிய வெளிச்சம் ஒண்ணைப் பாத்தேன்" என்றார். ஆலயம் மூச்சைப் பிடித்தது. "ஆபரேஷன் தியேட்டர் லைட்டு. அப்புறம் எதுவும் தெரியாது." பின்வரிசையிலிருந்து சபைச் செயலாளர் தாங்காமல் எழுந்தார்.

"ஐயா, தேவதூதர்கள் யாரும் வரலீங்களா?"

"வந்தாங்களே. நீலச் சட்டை போட்டிருந்தாங்க. ஷிஃப்ட் முடிஞ்சதும் போயிட்டாங்க."

இளைஞர்கள் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. நிலம் அளக்கும் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எதிலும் ஒரு அடி குறைந்தாலும் கேட்டு வாங்கிவிடுவார். "ஆஸ்பத்திரியில ஐயாவோட இருதயத்தை ரிப்பேர் பண்ணிட்டு, விசுவாசத்தைக் கழட்டி வச்சுக்கிட்டாங்க" என்று ஆலய வாசலிலேயே சொன்னார். நோயாளிகளைப் பார்க்க வேறு சபையிலிருந்து ஒருவரை வரவழைக்கலாம் என்று கூட்டத்தில் பேசியவரும் அவர்தான். போதகரின் மனைவிக்கு அன்று முழுக்கப் பாத்திரங்களின் மேல் கோபம். போதகர் மட்டும், "அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கும்மா. பாதி வெலைக்கு விக்கறவன் சரக்கை யார் நம்புவா?" என்றார்.

அப்புறம் செயலாளரின் வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். மறுநாள் காலையில் ஆபரேஷன். கட்டி காத்திருக்காது, தள்ளிப் போடக் கூடாது என்று டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். செயலாளரோ, ஜெபம் முடியாமல் தியேட்டருக்குள் வர மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டார். வெளிச்சபை ஆள் வேண்டாமாம். எங்கள் ஐயாதான் வர வேண்டுமாம். போதகர் வண்டி ஓட்டக் கூடாது என்பதால், சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்கு என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் பள்ளங்களுக்கு முன்கூட்டியே நன்றி சொன்னார்.

செயலாளர் மருத்துவமனை உடுப்பில், முதுகுப்பக்கம் முடிச்சு அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி காலடியில், குளித்து முடித்த குழந்தையைப் பார்த்துக்கொள்வது போல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, எக்ஸ்பிரஸ் வேண்டாம்" என்றார் செயலாளர்.

போதகருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அந்தப் பேர் உங்களுக்கும் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். பழைய ஜெபம் வேணும். எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கணும்."

"கடல்ல போறவங்க?"

"ஒருத்தரையும் விடாதீங்க."

போதகர் என்னைப் பார்த்தார். நீளமாகப் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பது எனக்கும் தெரியும். ஆனாலும் நாற்காலியை ஒதுக்கிவிட்டு, பழையபடி எழுந்து நின்று கண்ணை மூடினார். பழைய குரல் வந்தது. நாடுகள் ஏறின. ஆள்கிறவர்கள் ஏறினார்கள். செயலாளர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கடலில் போகிறவர்கள் வந்தபோது போதகருக்கு மூச்சு வாங்கியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

செயலாளர் ஒரு கண்ணைத் திறந்தார். "ஏங்க ஐயா நின்னுடுச்சு?"

"சிக்னல் விழல அண்ணே."

"அட, உக்காருங்க ஐயா. அவருக்குத்தான் அறிவில்லன்னா உங்களுக்குமா?" என்று செயலாளரின் மனைவி நாற்காலியைத் தள்ளினார். போதகர் உட்கார்ந்தார்.

"மயக்க ஊசி போடறப்ப பயமா இருந்துச்சா ஐயா?" செயலாளரின் குரல் இறங்கியிருந்தது.

"இருந்துச்சு."

"உங்களுக்கா!"

"எனக்குத்தான் ஜாஸ்தி. உங்களுக்குச் சாகற பயம் மட்டுந்தான். எனக்கு, இத்தனை வருஷமா மத்தவங்களுக்குச் சொன்னதெல்லாம் நெசமா இருக்கணுமேன்னு பயம் வேற."

செயலாளரின் மனைவி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்ப ஜெபம் பண்ணியிருப்பீங்களே?"

"முழுசா தயார் பண்ணி வச்சிருந்தேன். 'ஆண்டவரே'ன்னு ஆரம்பிச்சேன். அந்த ஒரு வார்த்தைதான். தூங்கிட்டேன்."

"மீதி?"

"மீதியை நான் சொல்லல. டாக்டருக்கும் நேரம் இருந்திருக்காது. ஆனா முழிச்சுட்டேனே அண்ணே. அந்த ஒரு வார்த்தையே போய்ச் சேந்திருக்கு. மத்த ஸ்டேஷனெல்லாம், எனக்குத் தைரியம் வர்றதுக்காக நானே கட்டிக்கிட்டது."

செயலாளர் தன் வயிற்றைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, குழந்தை மாதிரி கேட்டார். "அறுத்துத் தொறந்தாங்கன்னா, மறுபடி சரியா ஒட்டுமா ஐயா?"

போதகர், செவிலியர் யாரும் வருகிறார்களா என்று வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டு, சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நடு மார்பில் மேலிருந்து கீழ்வரை, கயிறு போல ஒரு தழும்பு இறங்கியது.

"தொட்டுப் பாருங்க. மெதுவா அண்ணே, எனக்குக் கூச்சம் ஜாஸ்தி."

செயலாளர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு விரலை நீட்டினார்.