ஐந்து பேரில் ஏழாவது

எண்பதுகளின் கடைசியில் நான் இரும்புலியூரில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் யுகேஜி மிஸ். பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, எத்தனை பேர் என்று எண்ணச் சொல்வேன். பிறகு, நீ எத்தனையாவது என்று கேட்பேன். இதைச் சொல்லிக்கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

ஏப்ரலில் தலைமையாசிரியை வாய்மொழித் தேர்வு வைத்தார். தேறினால் ஒன்றாம் வகுப்பு, இல்லையென்றால் இன்னொரு வருடம் யுகேஜி. ஏழு பேரை நிறுத்தினேன். நடுவில் இரண்டு பேர் சிலேட்டைத் தரையில் வைத்துவிட்டு ஒன்றுக்குப் போனார்கள். மீதி ஐந்து பேரில் கடைசியாக நின்ற சிறுமியிடம் தலைமையாசிரியை கேட்டார்.

“எத்தனை பேர் நிக்கிறீங்க?”

“அஞ்சு.”

“நீ எத்தனாவது?”

“ஏழாவது.”

என் மானம் போயிற்று. பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ‘மறுபடியும் யுகேஜி’ என்று கோபத்தோடு நானே எழுதினேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஏழு என்னை விடவில்லை. ஆறு என்றிருந்தால் தடுமாற்றம் என்று விட்டிருப்பேன். அதென்ன, கொஞ்சமும் தயங்காமல் ஏழு?

அந்த வாரம் எங்கள் வீட்டுக் கிணறு வற்றியது. ஞாயிறு காலையில் முதல்முறையாகக் குடத்தோடு தண்ணி லாரிக்குப் போனேன். அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வரவே, குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது வரிசை நகர்ந்திருந்தது. என் குடமும் கூடவே நகர்ந்திருந்தது. அதே சிறுமிதான் தன் குடத்தையும் என்னுடையதையும் மாற்றி மாற்றிக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“நீங்க ஆறாவது மிஸ். நான் ஏழாவது.”

“முன்னாடி மூணு பேர்தானே நிக்கிறாங்க?”

“மத்தவங்க கொடம் கீதே மிஸ். வருவாங்கோ.”

எனக்குச் சுரீர் என்றது. அன்று தரையில் இருந்த இரண்டு சிலேட்டுகளையும் அவள் எண்ணியிருக்கிறாள், நான் எண்ணவில்லை. நான் பெயிலாக்கிய பிள்ளை என் இடத்தைக் காத்துக்கொண்டு நின்றாள். வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை தலைமையாசிரியையிடம் போய், இன்னொரு முறை கேளுங்கள் என்று மன்றாடினேன். மனமில்லாமல்தான் சம்மதித்தார். அதே ஐந்து பேர், அவர்களுக்கு நடுவே ஆளில்லாத இரண்டு சிலேட்டுகள். நீ எத்தனையாவது என்று கேட்டதும் சிறுமி வரிசையை ஒருமுறை பார்த்தாள்.

“போனவங்க வருவாங்களா மிஸ்?”

தலைமையாசிரியை பேனாவைக் கீழே வைத்தார். “வந்தா?”

“ஏழாவது.”

“வரலைன்னா?”

“அஞ்சாவது.”

அவர் பட்டியலை என் பக்கம் தள்ளினார்.

“எழுதின கையே அடிக்கட்டும்.”

நான் அடித்த வேகத்தில் தாள் கிழிந்தது.