கணக்கெடுப்பில் பிரிந்த குடும்பம்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விவரங்களை நாமே இணையத்தில் பதியலாம் என்றதும், குடும்பத் தலைவியாக என்னைப் போட்டுப் பதிந்துவிட்டேன். அடுத்த வாரம், பாரிவாக்கத்திலுள்ள எங்கள் ஃபிளாட்டுக்குக் கணக்கெடுக்க ஓர் ஆசிரியை வந்தார்.

“இந்த வீட்ல ரெண்டு குடும்பம்னு காட்டுதும்மா. நீங்களும் சாரும் தனித்தனியாவா சமைக்கிறீங்க?” என்று தயங்கியபடி கேட்டார்.

எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா காதில் அது விழுந்துவிட்டது. “இன்னாம்மா, பிரிஞ்சிட்டீங்களா?” என்று பதறி ஓடிவந்தார்.

விசாரித்தால், என் கணவரும் தன்னைத் தலைவராகப் போட்டுத் தனியே பதிந்திருக்கிறார்.

ஆசிரியையிடம் எங்கள் ஒரே அடுப்பைக் காட்டினேன். “அப்போ யாரோட பதிவை நீக்கட்டும்?” என்றார். கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னுதையே நீக்கிடுங்க மேடம்” என்றார்.

இப்போதெல்லாம் எந்தப் படிவத்தை நிரப்பினாலும் முதலில் அவரிடம் சொல்லிவிடுகிறேன். கேட்பதில்லை, சொல்லிவிடுகிறேன்.