அம்மா நன்றாக இருந்த அந்த வாரம்

பெரியவளே, சின்னவனே, அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தால் நீங்கள் இருவரும் அந்த ஒரு வாரத்தைத்தான் சொல்கிறீர்கள். காலை இழுத்து இழுத்து நடந்தவள் வரப்பில் நேராக நடந்தாள். களை பறிக்க வந்த பெண்களிடம், "புல்லை வுட்டுட்டு நெல்லைப் புடுங்குறீங்களாடி?" என்று கேலி பேசினாள். அந்த வாரம் எப்படி வந்தது என்று இதுவரை நான் உங்களிடம் சொல்லவில்லை.

அதற்கு முன் இரண்டு மாதமாகக் குழம்புக்கு உப்புப் போட்டதை மறந்து மறுபடியும் போடுவாள். வலது கால் பின்தங்கியது. திருவாரூரில் ஒரு டாக்டர், தலைக்குள் வீக்கம் இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்து, உடனே தஞ்சாவூருக்குப் போகச் சொன்னார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டரம்மா எனக்குப் புரியும்படி பொறுமையாகச் சொன்னார். மூளைக்குள்ளேயே உண்டாகிற லிம்போமா என்று ஒரு புற்றுநோய் இருக்கிறது, அபூர்வமாகத்தான் வரும், படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, மண்டையில் சின்னத் துளை போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு நான் கொண்டுபோயிருந்த திருவாரூர் மாத்திரையை வாங்கிப் பார்த்தார்.

"அதுவரைக்கும் இந்த மாத்திரையக் குடுக்காதீங்கய்யா. இது ஸ்டீராய்டு. கட்டியக் கரைச்சுடும். அப்புறம் என்ன நோய்னு எங்களால கண்டுபிடிக்க முடியாது."

எனக்குப் பாதிதான் மனதில் ஏறியது. கரைந்தால் நல்லதுதானே என்று தோன்றியது. நம் வேலையும் அப்படித்தான். நெல்லில் புள்ளி கண்டால் முதலில் மருந்தடிப்போம், அப்புறம்தான் ஒரு தூரைப் பிடுங்கிக்கொண்டு வேளாண்மை ஆபீசுக்குப் போவோம். "எல்லாத்தையும் அடிச்சுட்டு வந்து என்ன நோய்னு கேட்டா, நான் எதைப் பாத்துச் சொல்றது?" என்று அங்கிருந்த அதிகாரி என்னைத் திட்டியும் இருக்கிறார்.

துளை போடப் பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். மூன்றாம் நாள் வலி தாங்காமல் அம்மா தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாள். "ஏங்க, அந்த மாத்திரை ஒண்ணு குடுங்களேன்" என்றாள். கொடுத்தேன். மறுநாள் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதற்குமேல் நிறுத்த மனம் வரவில்லை. நீங்கள் சொல்கிற வாரம் அதுதான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அந்த மாத்திரை கொடுத்தீர்களா என்று நர்ஸ் கேட்டார். இல்லை என்றேன். அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள்.

தலையில் தையலோடு வீட்டுக்கு வந்தாள். ரிப்போர்ட்டில் எதுவும் பிடிபடவில்லை. செத்துப்போன செல்கள், கொஞ்சம் அழற்சி, அவ்வளவுதான். என்ன நோய் என்று தெரியாமல் கீமோ ஆரம்பிக்க முடியாது என்றார்கள். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"இனிமே அது திரும்ப வளரணும்யா. வளந்தாத்தான் எடுத்துப் பாக்க முடியும்."

அவளுக்குள் அது வளரட்டும் என்று காத்திருந்தோம். சம்பா கதிர் கட்டும் சமயத்தில் வளர்ந்தது. அவள் முனகியபோதும் இந்தத் தடவை நான் மாத்திரை கொடுக்கவில்லை. இரண்டாவது துளையில் தெரிந்துவிட்டது, லிம்போமாதான். அதற்குள் அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது. முதல் கீமோவையே உடம்பு தாங்கவில்லை. அறுப்புக்கு அவள் இல்லை.

முதலிலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "சொல்ல முடியாதுங்கய்யா" என்றார். அந்தப் பதிலோடுதான் இருக்கிறேன்.

அந்த வாரத்தைப் பற்றி நீங்கள் இனிமேலும் பேசிக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சு வந்தால் நான் ஏன் எழுந்து வயலுக்குப் போய்விடுகிறேன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.